தம்பதிக்கு ஹெச்எஸ்ஏ 2026: இரண்டு கம்பெனியிலும் பிளான் இருந்தால் யார் எவ்வளவு போடலாம்?

எடிசன்காரன்:

2025 முடிகிறது; அமெரிக்காவில் 2026க்கான ஓப்பன் என்ரோல்மென்ட் (ஆண்டுக்கொருமுறை கம்பெனி இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் காலம்) முடியப் போகிறது. தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய கணக்கு இது. கணவர் கம்பெனியில் ஹெச்டிஹெச்பி பிளான் (டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை, அதிகமுள்ள மருத்துவ இன்ஷூரன்ஸ்), அதில் அவரும் குழந்தையும். மனைவி தன் கம்பெனியில் தனக்கு மட்டும் ஹெச்டிஹெச்பி. ஹெச்எஸ்ஏவில் (ஹெச்டிஹெச்பியில் இருப்பவர்கள் மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு) கணவர் கம்பெனி 1,000 டாலர் போடும், மனைவி கம்பெனி 500. கணவருடைய பெனிஃபிட்ஸ் தளம் மொத்தம் 8,750 வரை என்கிறது, மனைவியுடையது 4,400 வரை. இரண்டையும் சேர்த்தால் 13,150. அவ்வளவும் போடலாமா? சம்பளம் கணவருக்கு 210,000, மனைவிக்கு 95,000. இருவருக்கும் வயது 55க்குக் கீழே.

நொய்யல்:

கூடாதுங்க. 13,150 போட்டால் அதில் 4,400 அதிகப்படி.

அந்த இரண்டு தளமும் தத்தம் பிளானை மட்டும் பார்த்து எண்ணைக் காட்டுகின்றன. மனைவிக்கு இன்னொரு கணக்கு இருப்பது கணவர் கம்பெனிக்குத் தெரியாது, விசாரிக்க வேண்டிய கடமையும் அதற்கில்லை. வரம்பைக் காப்பது முழுக்கத் தம்பதியின் பொறுப்பு.

அமெரிக்க வரிச் சட்டத்தின் 223ஆம் பிரிவு சொல்வது இதுதான்: தம்பதியில் ஒருவருக்காவது குடும்பப் பிளான் இருந்தால், இருவருக்குமே குடும்பப் பிளான் இருப்பதாகக் கணக்கு. தன்னோடு இன்னும் ஒரே ஒருவர் சேர்ந்தாலும் அது குடும்பப் பிளான். அந்த ஒருவர் வாழ்க்கைத்துணையாக இருக்க வேண்டியதில்லை. கணவர் பிளானில் குழந்தை இருக்கிறது, ஆகவே அது குடும்பப் பிளான். மனைவியின் தனிப் பிளானுக்கு என்று தனி வரம்பு கிடையாது. இருவருக்கும் சேர்த்து 2026இல் ஒரே 8,750தான்.

அதில் கம்பெனிகள் போடுவதும் அடக்கம். 1,000 + 500 கழித்தால் நீங்கள் இருவரும் போடக்கூடியது 7,250.

எப்படிப் பிரிப்பது என்பதில் முழுச் சுதந்திரம் உண்டு. இருவரும் ஒத்துக்கொண்ட எந்த விகிதமும் சரி, ஒருவருக்கே முழுவதும் என்றாலும் சரி. ஒத்துக்கொள்ளாவிட்டால்தான் சட்டம் பாதி பாதியாகப் பிரிக்கும். இந்த ஒப்பந்தத்தை ஐஆர்எஸ்ஸுக்கு (வருமான வரித் துறைக்கு) முன்கூட்டி அனுப்ப வேண்டாம். வரி ரிட்டர்னோடு வைக்கும் ஹெச்எஸ்ஏ படிவமான ஃபார்ம் 8889இன் 6ஆம் வரியில் அவரவர் பங்கை எழுதுகிறீர்களே, அதுதான் பதிவு. கூட்டுக் கணக்கு என்று ஒன்று ஹெச்எஸ்ஏவில் கிடையாது. இரண்டு கணக்கு இருந்தால், ஜாயின்ட் ஃபைலிங்கானாலும் இரண்டு 8889 வைக்க வேண்டும்.

பொருநை:

நொய்யல் சொன்ன சட்டப் பக்கம் முழுக்கச் சரி. யார் பேரோல் (சம்பளப் பிடித்தம்) வழியாகப் போடுவது என்பதில்தான் உண்மையான பணம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை.

பேரோல் வழியாகப் பிடித்தால் வருமான வரி மட்டுமல்ல, சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) வரி 6.2 சதவீதமும் மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவ இன்ஷூரன்ஸ்) வரி 1.45 சதவீதமும் மிச்சம். கையிலிருந்து நேராக ஹெச்எஸ்ஏ வங்கிக்கு அனுப்பினால் வருமான வரி மட்டும்தான் கழியும்; 7.65 சதவீதம் போனது போனதுதான், ரிட்டர்னில் திரும்பக் கிடைக்காது.

2026இல் சோஷியல் செக்யூரிட்டி வரி 184,500 வரையிலான சம்பளத்துக்குத்தான். கணவர் 210,000 வாங்குகிறார். 7,250ஐக் கழித்தாலும் அந்த வரம்புக்கு மேலேயே நிற்கிறார். இந்த இரண்டு வரியில் அவர் பேரோலில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் 1.45 காசுதான் மிச்சம், மனைவி பேரோலில் 7.65 காசு. ஆகவே முதலில் மனைவி பக்கம் நிரப்ப வேண்டும்.

அங்கே ஒரு தடை வரும். மனைவி தனிப் பிளானில் இருப்பதால் அவர் கம்பெனி மென்பொருள் கம்பெனிப் பணத்தையும் சேர்த்து 4,400க்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. சட்டப்படி அவர் 8,750 வரை போடலாம் என்று ஹெச்ஆரிடம் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் பெரும்பாலும் மாறாது, ஏனென்றால் கம்பெனி தன் பிளானை வைத்துத்தான் முடிவெடுக்கும். எனவே:

மனைவி பேரோல் 3,900 + கம்பெனி 500 = 4,400
கணவர் பேரோல் 3,350 + கம்பெனி 1,000 = 4,350
மொத்தம் 8,750

மனைவி பக்கம் 3,900க்கு 298.35 மிச்சம், கணவர் பக்கம் 3,350க்கு 48.58. இது வருமான வரியும், கூட்டுச் சம்பளம் 250,000ஐத் தாண்டுவதால் இருவர் பக்கமும் ஒரே மாதிரி குறையும் 0.9 சதவீதக் கூடுதல் மெடிகேர் வரியும் நீங்கலாக. இந்தச் சம்பளத்தில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்தால் கூட்டு ரிட்டர்ன் 24 சதவீதப் படியில் விழும். 7,250க்கு ஃபெடரல் வருமான வரி மட்டும் 1,740 குறையும்.

கடைசியாக ஒன்று. ஆண்டுப் பரிசோதனை செய்துகொண்டால் 200, 300 டாலர் வெகுமதி என்று சில கம்பெனிகள் ஹெச்எஸ்ஏவிலேயே போடுகின்றன. அதுவும் 8,750க்குள் அடக்கம். அப்படி ஏதாவது வரக்கூடும் என்றால் கணவர் பக்கம் அந்த அளவுக்கு இடம் விட்டு வையுங்கள். வராமல் போனால் 2027 ஏப்ரல் 15க்குள் நேராக வங்கிக்கு அனுப்பி நிரப்பிக்கொள்ளலாம். அனுப்பும்போது எந்த வரி ஆண்டு என்று கேட்பார்கள். பெரும்பாலும் நடப்பு ஆண்டே தேர்வாகியிருக்கும், 2026 என்று மாற்றிவிட்டு அனுப்ப வேண்டும்.

சிறுவாணி:

குழந்தை இல்லாத தம்பதி, இருவருக்கும் அவரவர் கம்பெனியில் தனித்தனி ஹெச்டிஹெச்பி என்றால்?

நொய்யல்:

அப்போது குடும்பப் பிளான் யாருக்கும் இல்லை, மேலே சொன்ன விதி வராது. ஆளுக்கு 4,400, அவரவர் கணக்கில். மொத்தம் 8,800, அதாவது குடும்ப வரம்பைவிட 50 அதிகம். ஆனால் ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொள்ள முடியாது. மனைவி 3,000தான் போட்டார் என்றால் மீதி 1,400 கணவருக்குப் போகாது.

சிறுவாணி:

நன்றி. மனைவி ஹெச்டிஹெச்பி இல்லாமல் பிபிஓவில் (ஹெச்டிஹெச்பி அல்லாத வழக்கமான பிளான்) இருந்து, அதோடு எஃப்எஸ்ஏவும் (மருத்துவச் செலவுக்காகச் சம்பளத்தில் பிடித்து வைக்கும் கம்பெனிக் கணக்கு) வைத்திருந்தால்? கணவர் குழந்தையோடு ஹெச்டிஹெச்பி. மனைவியின் பிபிஓவில் கணவர் இல்லை. ஆகவே கணவர் 8,750 முழுவதும் போடலாம் என்பது என் புரிதல்.

நொய்யல்:

பிபிஓ மட்டும் என்றால் உங்கள் புரிதல் சரி. மனைவியின் பிபிஓ கணவரைக் கவர் செய்யாதவரை அது அவருக்குத் தடையில்லை. குழந்தை இரண்டு பிளானிலும் இருந்தாலும் பரவாயில்லை. கணவர் 8,750 போடலாம், மனைவிக்குத் தகுதி இல்லை.

எஃப்எஸ்ஏ வந்ததும் எல்லாம் மாறிவிடும். அது சாதாரண ஹெல்த் எஃப்எஸ்ஏ என்றால் கணவருக்கும் தகுதி போய்விடும். 8,750 பூஜ்யமாகிவிடும்.

சிறுவாணி:

இது புரியவில்லை சார். மனைவியின் எஃப்எஸ்ஏவில் கணவர் பில் எதையும் போடுவதில்லை. மனைவியின் கண்ணாடிக்கும் பல்லுக்கும்தான் அந்தப் பணம். கணவர் அதைத் தொடவே இல்லையென்றால் அவரை எப்படிப் பாதிக்கும்?

நொய்யல்:

பில் போட்டாரா என்று ஐஆர்எஸ் பார்ப்பதில்லை, போட முடியுமா என்றுதான் பார்க்கிறது. ஹெல்த் எஃப்எஸ்ஏ வழக்கமாக வாழ்க்கைத்துணையின் மருத்துவச் செலவையும் முதல் டாலரிலிருந்தே திருப்பிக் கொடுக்கும். டிடக்டிபிள் கட்டும் முன்பே செலவைத் தரக்கூடிய ஒரு கவரேஜ் கணவருக்கு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஹெச்எஸ்ஏவின் அடிப்படை நிபந்தனையே அப்படி ஒரு கவரேஜ் இருக்கக் கூடாது என்பதுதான். கணவர் அந்த எஃப்எஸ்ஏவில் ஒரு பைசா எடுக்காவிட்டாலும் பலன் இதுவே.

தம்பதிகள் கணக்கில் நான் பார்க்கும் தவறுகளில் இதுதான் மிகப் பொதுவானது, மிகச் செலவு வைப்பதும் இதுதான். 8,750 முழுவதும் அதிகப்படியாகிவிடும். இரண்டு பேரும் தனித்தனியாக ஓப்பன் என்ரோல்மென்ட் செய்வதால் நேர்வது. தயவுசெய்து ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு தளத்தையும் திறந்து வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

மனைவிக்குக் கண்ணாடியும் பல்லும்தான் என்றால் லிமிடெட் பர்ப்பஸ் எஃப்எஸ்ஏ இருக்கிறதா என்று அவர் கம்பெனியில் கேளுங்கள். அது கண், பல் செலவுக்கு மட்டும். ஹெச்எஸ்ஏவுக்கு இடைஞ்சல் இல்லை. டேகேருக்கான டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏவும் இடைஞ்சல் இல்லை. கம்பெனியே பணம் வைக்கும் ஹெச்ஆர்ஏ இருந்தால் எஃப்எஸ்ஏ போலவே அதையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

பொருநை:

எஃப்எஸ்ஏவை 2026க்கு எடுக்காமல் விட்டாலும் 2025இன் மிச்சம் துரத்தி வரும். இதில் இரண்டு வகை.

ஒன்று, கேரி-ஓவர். 2025இலிருந்து 660 டாலர் வரை 2026க்குப் போகலாம். 5 டாலர் போனாலும் அது 2026 முழுவதும் நடப்பிலுள்ள எஃப்எஸ்ஏ. ஏப்ரலில் அந்த 5 டாலரைச் செலவழித்து முடித்தாலும் அந்தப் பிளான் ஆண்டு முடியும்வரை இருவருக்கும் தகுதி இல்லை. கேரி-ஓவர் வேண்டாம் என்று டிசம்பர் 31க்கு முன் எழுதிக் கொடுக்கலாம், அல்லது அதை லிமிடெட் பர்ப்பஸாக மாற்றச் சொல்லலாம். எல்லாக் கம்பெனியும் இரண்டையும் அனுமதிப்பதில்லை. எதுவும் முடியாவிட்டால் டிசம்பருக்குள் செலவழித்து பூஜ்யமாக்கிவிடுவதே வழி.

இரண்டு, கிரேஸ் பீரியட். மார்ச் 15 வரை பழைய பணத்தைச் செலவழிக்கலாம் என்று சில பிளான்களில் உண்டு. டிசம்பர் 31 அன்று மீதி பூஜ்யம் என்றால் ஜனவரி 1 முதல் தகுதி. மீதி இருந்தால் ஏப்ரல் 1 முதல்தான்; அப்போது குடும்ப வரம்பு 12இல் 9 பங்கு, 6,562.50. பூஜ்யம் என்றால் பணம் கையில் வந்து கணக்கு காலியாகியிருக்க வேண்டும். டிசம்பர் 28 அன்று பில் அனுப்பி, அது பரிசீலனையில் இருந்தால் மீதி இருப்பதாகத்தான் கணக்கு. அதனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே பில்களை அனுப்பிவிடுங்கள்.

வைகைக்கரை:

வேறொரு நிலைமை. மனைவி தனி ஹெச்டிஹெச்பி, கணவர் தனி பிபிஓ, எஃப்எஸ்ஏ யாருக்கும் இல்லை. 2026 ஆகஸ்ட் 12இல் குழந்தை பிறந்து, மனைவி பிளானில் சேர்க்கிறார்கள். மனைவியின் வரம்பு என்ன?

நொய்யல்:

ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியில் என்ன பிளான் இருந்தது என்பதே கணக்கு. ஆகஸ்ட் 1 அன்று தனிப் பிளான். ஆகவே ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 8 மாதம் தனி: 4,400இல் 8/12, அதாவது 2,933.33. செப்டம்பர் முதல் 4 மாதம் குடும்பம்: 8,750இல் 4/12, அதாவது 2,916.67. மொத்தம் 5,850.

இதற்கு மேலும் போட ஒரு வழி இருக்கிறது. டிசம்பர் 1 அன்று தகுதியோடு இருந்தால் அன்றைய பிளான் ஆண்டு முழுவதும் இருந்ததாக வைத்துக்கொள்ளலாம். 8,750 முழுவதும் போடலாம். அதற்கு ஈடாக 2027 டிசம்பர் 31 வரை தகுதியை இழக்கக் கூடாது. இடையில் கணவரின் பிபிஓவுக்கு மாறினாலோ, கணவர் சாதாரண எஃப்எஸ்ஏ எடுத்தாலோ, கூடுதலாகப் போட்ட 2,900 அந்த ஆண்டு வருமானத்தில் சேரும், அதன் மேல் 10 சதவீதம், 290 டாலர் தண்டம். குடும்பப் பிளானிலிருந்து தனிப் பிளானுக்கு மாறுவது மட்டும் தகுதியிழப்பு ஆகாது, ஹெச்டிஹெச்பியாக இருந்தால் போதும்.

குழந்தை பிறந்த பின் அடுத்த ஓப்பன் என்ரோல்மென்டில் பிபிஓவுக்கு மாறுகிற குடும்பங்கள் நிறைய. மாறக்கூடும் என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் 5,850ஓடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

பொருநை:

ஹெச்எஸ்ஏ பேரோல் தொகையை மாற்ற திருமணம், பிறப்பு போன்ற காரணம் எதுவும் தேவையில்லை. மாதம் ஒருமுறையாவது மாற்ற கம்பெனி அனுமதிக்க வேண்டும், ஆனால் இனி வரும் சம்பளத்துக்கு மட்டும். எனவே ஆண்டு நடுவில் நிலைமை மாறினால் உடனே தொகையைத் திருத்திவிடுங்கள். டிசம்பரில் பார்க்கலாம் என்று விட்டால் பிடிப்பதற்குச் சம்பளம் மிஞ்சாது.

அமராவதி:

யாரும் தொடாத ஒன்று. பிளான் பெயரில் ஹை டிடக்டிபிள் என்று இருந்தாலே ஹெச்எஸ்ஏ தகுதி வந்துவிடாது. 2026இல் டிடக்டிபிள் தனிக்கு 1,700, குடும்பத்துக்கு 3,400க்குக் குறையக் கூடாது. அவுட் ஆஃப் பாக்கெட் உச்சம் (ஓர் ஆண்டில் நம் கையிலிருந்து போகக்கூடிய அதிகபட்சச் செலவு) தனிக்கு 8,500, குடும்பத்துக்கு 17,000ஐத் தாண்டக் கூடாது. குடும்பப் பிளானில் மாட்டிக்கொள்ளும் இடம் இது: குடும்ப டிடக்டிபிள் 5,000, ஆனால் ஒரு நபர் 2,500ஐத் தாண்டியதும் அவருக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் என்று இருந்தால், அது தகுதியான பிளான் அல்ல. அந்த உள் டிடக்டிபிளும் 3,400க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தடுப்பு மருத்துவம் தவிர வேறு டாக்டர் விசிட்டுக்கு டிடக்டிபிளுக்கு முன்பே 30 டாலர் கோ-பே மட்டும் கட்டினால் போதும் என்று இருந்தாலும் அது தகுதியான பிளான் அல்ல. பிளான் ஆவணத்தில் ஹெச்எஸ்ஏவுக்குத் தகுதியானது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மார்க்கெட்பிளேசில் (தனிநபர்கள் இன்ஷூரன்ஸ் வாங்கும் அரசுத் தளம்) வாங்குபவர்களுக்கு 2026 நல்ல ஆண்டு. ஜனவரி 1 முதல் அங்குள்ள ப்ரான்ஸ் (வெண்கலத் தர) பிளான்களும் கேட்டஸ்ட்ராஃபிக் (பெருஞ்செலவுக்கு மட்டுமான) பிளான்களும் ஹெச்எஸ்ஏ தகுதி பெறுகின்றன. கணவன் மனைவியில் ஒருவர் சொந்தத் தொழில் செய்தால் இது கணக்கையே மாற்றும்.

அப்புறம் மாநில வரி. கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் ஹெச்எஸ்ஏவை ஏற்பதில்லை. நம்மவர்கள் அதிகமாக இருக்கும் மாநிலங்கள் இவை இரண்டும், ஆகவே அழுத்திச் சொல்கிறேன். டபிள்யூ-2வில் (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளப் படிவம்) ஃபெடரல் சம்பளமான பாக்ஸ் 1ஐவிட மாநிலச் சம்பளமான பாக்ஸ் 16 பெரிதாக இருக்க இதுவும் ஒரு காரணம். கம்பெனி போட்டது, பேரோலில் பிடித்தது இரண்டும் மாநிலத்துக்குச் சம்பளம்தான். கணக்கினுள் கிடைக்கும் வட்டி, டிவிடெண்ட், விற்ற லாபம் எல்லாம் ஆண்டுதோறும் மாநில ரிட்டர்னில் வர வேண்டும். இதற்கு வருமானத்தைக் காட்டும் 1099 படிவம் எதுவும் வராது. ஸ்டேட்மென்டைப் பார்த்து நீங்களே கூட்ட வேண்டும். முதலீடு செய்வதாக இருந்தால் யுஎஸ் ட்ரெஷரி வட்டிக்கு மாநில வரி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஃபெடரல் மிச்சம் பெரிது என்பதால் இந்த மாநிலங்களிலும் ஹெச்எஸ்ஏ லாபமே.

பாலாறு:

55 தாண்டிய தம்பதிக்கு ஆளுக்கு 1,000 கூடுதல் உண்டு என்கிறார்கள். இருவரும் கணவரின் குடும்பப் பிளானில்தான் இருக்கிறார்கள், ஹெச்எஸ்ஏவும் அவர் பெயரில் ஒன்றுதான். அதில் 10,750 போடலாமா?

நொய்யல்:

ஒரே கணக்கில் 9,750தான் உச்சம். குடும்ப வரம்பைத்தான் விருப்பம்போல் பிரிக்கலாம். 55க்கு மேற்பட்டவருக்கான 1,000 அவரவர் பெயரிலுள்ள கணக்கில்தான் போக வேண்டும். மனைவி தனியாக ஒரு ஹெச்எஸ்ஏ திறக்கட்டும். கம்பெனி வழியாக வேண்டியதில்லை. ஆன்லைனில் மாதக் கட்டணம் இல்லாத கணக்குகள் இருக்கின்றன. 1,000ஐ நேராக அனுப்பிவிட்டு அவருடைய 8889இல் கழிவு எடுக்கலாம். கணவர் பேரோலிலிருந்து மனைவி கணக்குக்குப் பிடிக்க முடியாது.

65 வரும்போது இன்னும் கவனம் வேண்டும். கணவருக்கு 2026 ஜூனில் 65, மெடிகேரில் சேர்கிறார், மனைவிக்கு 58, இருவரும் கணவரின் குடும்ப ஹெச்டிஹெச்பியிலேயே தொடர்கிறார்கள் என்று வையுங்கள். கணவருக்கு ஜனவரி முதல் மே வரை 5 மாதம்தான் தகுதி. அவருடைய கேட்ச்-அப் (55க்கு மேற்பட்டவருக்கான அந்த 1,000இல் 5/12) 416.67. மனைவிக்கோ ஆண்டு முழுவதும் தகுதி, அதுவும் குடும்பப் பிளானில். 8,750 முழுவதையும் மனைவியின் கணக்கிலேயே போடலாம், அவருடைய 1,000 தனி. கணவர் மெடிகேரில் சேர்ந்ததும் குடும்பத்துக்கே ஹெச்எஸ்ஏ முடிந்துவிட்டது என்று நினைத்துப் பல வீடுகளில் இதை இழக்கிறார்கள். ஜூனிலிருந்து கணவர் கணக்குக்குக் கம்பெனி பணம் வருவதை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

பிறந்த நாள் மாதத்தின் 1ஆம் தேதி என்றால் மெடிகேர் அதற்கு முந்தைய மாதமே தொடங்கும்.

பொருநை:

65க்குப் பிறகும் வேலை பார்த்து, மெடிகேரைத் தள்ளிப்போட்டவர்களுக்கு: பின்னால் விண்ணப்பிக்கும்போது பார்ட் ஏ (மெடிகேரின் ஆஸ்பத்திரிப் பகுதி) 6 மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும், ஆனால் 65 வந்த மாதத்துக்கு முன்னால் போகாது. 67 வயதில் 2026 அக்டோபரில் விண்ணப்பித்தால் ஏப்ரல் 1 முதல் மெடிகேர். ஏப்ரல் முதலான மாதங்களுக்குப் போட்டது அதிகப்படி. விண்ணப்பிக்கும் மாதத்துக்கு 6 மாதம் முன்பே நிறுத்துங்கள். சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் தொடங்கினாலும் பார்ட் ஏ தானாகவே வந்துவிடும்.

வைகைக்கரை:

2025இல் கணவர் 8,550, மனைவி 4,300 என இரண்டு பக்கமும் பேரோலில் முழுசாகப் போயிருந்தால் எப்படிச் சரிசெய்வது?

நொய்யல்:

2025இன் குடும்ப வரம்பு 8,550. அதிகப்படி 4,300. அது யார் கணக்கில் இருக்கிறது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம், இந்த இடத்தில்தான் பிரித்துக்கொள்ளும் சுதந்திரம் உதவுகிறது. 8,550 முழுவதும் கணவருக்கு என்று வைத்தால் மனைவியின் 4,300 அதிகப்படி. மனைவிக்கு 4,300, கணவருக்கு 4,250 என்று வைத்தால் கணவர் கணக்கில் 4,300 அதிகப்படி. எந்தக் கணக்கில் லாபம் குறைவாகச் சேர்ந்திருக்கிறதோ, எந்த வங்கியில் படிவம் எளிதோ, அங்கிருந்து எடுங்கள். எதையும் தீர்மானிக்காமல் பாதி பாதி என்று விட்டால் ஆளுக்கு 4,275. கணவரிடம் 4,275, மனைவியிடம் 25 என்று இரண்டு கணக்கிலும் அதிகப்படி வந்து நிற்கும்.

எடுக்கும் முறை முக்கியம். டெபிட் கார்டில் செலவழித்தோ, சாதாரணமாகப் பணம் எடுத்தோ இதைச் சரிசெய்ய முடியாது. அதிகப்படி நீக்கம் என்று ஒவ்வொரு ஹெச்எஸ்ஏ வங்கியிலும் தனிப் படிவம் இருக்கும். வரி ஆண்டு, தொகை எழுதிக் கொடுத்தால், அந்தத் தொகை ஈட்டிய லாபத்தையும் கணக்கிட்டுச் சேர்த்து அனுப்புவார்கள். 2026 ஏப்ரல் 15க்குள், எக்ஸ்டென்ஷன் வாங்கினால் அக்டோபர் 15க்குள். காலத்தோடு ரிட்டர்ன் போட்டுவிட்டவர்களும் அக்டோபர் 15 வரை எடுத்து, திருத்திய ரிட்டர்ன் போடலாம்.

பேரோலில் போன பணம் வரி கட்டாத பணம். ஆகவே 4,300ஐ 2025 ரிட்டர்னில் இதர வருமானமாகச் சேர்க்க வேண்டும். லாபம் மட்டும் எடுத்த ஆண்டின் வருமானம், அதாவது 2026. அடுத்த ஜனவரியில் 1099-எஸ்ஏ (ஹெச்எஸ்ஏவிலிருந்து எடுத்ததைக் காட்டும் படிவம்) வரும், பாக்ஸ் 3இல் 2 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 1 என்று வந்தால் சாதாரணச் செலவாகப் பதிவாகியிருக்கிறது. மருத்துவச் செலவு இல்லையென்றால் 20 சதவீதத் தண்டத்தில் போய் நிற்கும். வங்கியைத் திருத்தச் சொல்லுங்கள்.

எடுக்காமலே விட்டால் 6 சதவீதத் தண்டம், 258 டாலர், ஃபார்ம் 5329இல் கட்ட வேண்டும். அதிகப்படி இருக்கும்வரை ஒவ்வொரு ஆண்டும். 2026இல் வரம்பு 8,750 இருக்க 4,450 மட்டும் போட்டால் பழைய 4,300 அதில் கரைந்துவிடும்; 258 ஒருமுறை மட்டும் கட்டினால் போதும். கெடு தாண்டியவர்களுக்கு இதுதான் வழி.

வரி மென்பொருள் எச்சரிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். மனைவிக்குத் தனிப் பிளான் என்று பதில் கொடுத்தால் 4,300 சரி என்று எடுத்துக்கொண்டு அது அமைதியாகப் போய்விடக்கூடும். டபிள்யூ-2வில் பாக்ஸ் 12, குறியீடு டபிள்யூ என்ற எண்ணை இருவருடையதிலிருந்தும் எடுத்துக் கூட்டுங்கள். கம்பெனி போட்டதும் பேரோலில் பிடித்ததும் சேர்ந்த எண் அது. நேராக அனுப்பியது இருந்தால் அதையும் சேர்த்து, வரம்போடு ஒப்பிடுங்கள்.

சிறுவாணி:

ஊருக்குப் போகும்போது சென்னையில் பல் வைத்தியம், கண் ஆபரேஷன் செய்தால் ஹெச்எஸ்ஏவில் எடுக்கலாமா? பெற்றோர் செலவு?

அமராவதி:

உங்களுக்கும் வாழ்க்கைத்துணைக்கும் வரி ரிட்டர்னில் உள்ள குழந்தைக்கும் ஆன வைத்தியம் எந்த நாட்டில் நடந்தாலும் செல்லும். துணை ஹெச்டிஹெச்பியில் இல்லாவிட்டாலும் செல்லும், பிபிஓவில் இருக்கும் மனைவியின் செலவையும் கணவர் ஹெச்எஸ்ஏவில் எடுக்கலாம். ஹெச்எஸ்ஏ தொடங்கிய பிறகு ஆன செலவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி ரசீதில் நோயாளி பெயர், தேதி, என்ன சிகிச்சை, ரூபாய்த் தொகை எல்லாம் இருக்கட்டும். அன்றைய டாலர் விலையையும் குறித்து வையுங்கள்.

மருந்துக்கு வேறு விதி. அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிட்ட மருந்து, இரண்டு நாட்டிலும் சட்டப்படியானது என்றால் சரி. ஆறு மாதத்துக்கு வாங்கிப் பெட்டியில் கொண்டுவந்தது பொதுவாகச் செல்லாது.

இந்தியாவில் வசிக்கும் பெற்றோர் செலவு செல்லாது. அமெரிக்கக் குடிமக்களாக இல்லாமல், அமெரிக்கா, கனடா, மெக்சிகோவுக்கு வெளியே வசிப்பவர் டிபென்டென்ட் ஆக முடியாது. பெற்றோர் வந்து தங்கும்போது எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் செல்லாது.

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பெனிஃபிஷியரி பெயர். துணை பெயரை எழுதியிருந்தால், ஒருவர் போனபின் கணக்கு அப்படியே ஹெச்எஸ்ஏவாக மற்றவருக்குப் போகும், வரி இல்லை. கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் அப்பா, அம்மா, தம்பி பெயர் இருந்து மாற்றாமல் விட்டால், கணக்கு அன்றோடு ஹெச்எஸ்ஏவாக இருப்பது நின்று, முழுத் தொகையும் வாங்குபவரின் வருமானமாகிவிடும். ஐந்து நிமிட வேலை, இன்றே பாருங்கள்.

எடிசன்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மனைவி பக்கம் 3,900, கணவர் பக்கம் 3,350 என்று வைக்கலாம். மனைவிக்கு இரு வாரச் சம்பளம், கணவருக்கு மாதம் இரு முறை.

பொருநை:

மனைவிக்கு 26 சம்பளம் என்றால் ஒவ்வொன்றிலும் 150. கணவருக்கு 24, ஒவ்வொன்றிலும் 139.58.

மனைவிக்குச் சம்பள நாள் வியாழனா என்று மட்டும் பாருங்கள். 2026 ஜனவரி 1 வியாழன், டிசம்பர் 31ம் வியாழன். அந்தச் சுழற்சியில் உள்ள கம்பெனிகளில் 27 சம்பளம் வரலாம். 150 வீதம் பிடித்தால் 4,050, கம்பெனிப் பணத்தோடு 4,550. தளத்தில் ஒரு சம்பளத்துக்கு இவ்வளவு என்று கொடுக்காமல் ஆண்டுத் தொகை 3,900 என்று கொடுங்கள், அதுவே வகுத்துக்கொள்ளும். ஜனவரி முதல் பே ஸ்டப் வந்ததும் பிடித்த தொகையையும், அது வருமான வரிக்கு முன்பே கழிந்திருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.